பூசைக்கு வைத்த துவக்கு

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் சோற்று வரிசையில் முன்னால் நின்ற இருவர் கதைத்ததை ஒட்டுக்கேட்டேன். பாதி அவர்கள் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குணசேகரத்தின் இரும்புப் பெட்டிக்குள் மூன்று துவக்குகள் உறங்கிக்கொண்டி

(வேண்டாம். துவக்கு உறங்காது.)

2

குணசேகரம் ஹம் நகரில் பஸ் ஓட்டுகிறார். நூறு வயது கடந்த பிரிட்டிஷ் இரட்டைக்குழல் துப்பாக்கிகளை, எங்கள் பேச்சில் துவக்குகளை, சேர்க்கிறார். யுத்தத்துக்குத் தப்பி வந்தவர் துவக்குச் சேர்ப்பாரா என்று கேட்பீர்கள். நானும் நம்பவில்லை. அவருக்கொரு காரணம் செய்து கொடுக்க இரண்டு பக்கம் எழுதினேன்: சின்ன வயதில் தகப்பனோடு வன்னிக் காட்டுக்கு

(கிழித்துவிட்டேன்.) மனைவி பாலாம்பிகையிடம் அவர் சொன்னதே போதும்: "வடிவாய்க் கிடக்கு. அதுதான்."

சேகரிப்போருக்கான அனுமதி அட்டைக்கு ஆறு வருடம் அலைந்தார். துவக்கு பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். வெளியே எடுத்தால் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பெட்டியின் இலக்கம் மனைவிக்கும் தெரியக்கூடாது. தவறினால் அட்டையும் போகும், துவக்குகளும் போகும். டெர்மின் இல்லாமலே, முன்கூட்டி நேரம் சொல்லாமலே, அதிகாரி வந்து பார்ப்பார்.

3

ஆயுத பூசையன்று பாலாம்பிகை தையல் மெசினுக்கும் கார்த் திறப்புக்கும் பொட்டு வைத்தார்.

"உங்கட உயிரை மட்டும் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறியள். ஒருக்கா அம்பாளுக்கு முன்னாலை வையுங்கோவன்."

ஆசை யாரை விட்டது? பேர்மிங்காமில் செய்த துவக்கை அவரே எடுத்து வைத்தார். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப்பூ. தீபம் காட்டியதும் திரும்ப எடுக்கப் போனார்.

"நாளைக்குப் பூசை முடியாமல் எடுக்க ஏலாது. தெரியாதே?"

தெரியும். சட்டத்துக்குப் பயந்து சாமியறையிலேயே பாய் போட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால் வெற்றிலை இல்லை. தமிழ்க் கடை தெருமுனையில்தான். பத்து நிமிடம்.

4

அந்தப் பத்து நிமிடத்தில் அதிகாரி வந்தார். (தற்செயல் என்று என்னைக் குறை சொல்லாதீர்கள். வரிசையில் கேட்டபடியே எழுதுகிறேன்.)

குணசேகரம் வெற்றிலையோடு திரும்பியபோது அந்தப் பெண் அதிகாரி சாமிப்படங்களுக்கு முன்னால் நின்றார். "நீங்கள் வெளியே போனபோது இது எங்கே இருந்தது?"

முடிவு ஒன்று: அதிகாரி பொட்டைப் பார்த்துச் சிரித்து, எச்சரித்துவிட்டுப் போகிறார். (இருபத்தெட்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு இதை எழுதக் கை வரவில்லை.)

நடந்தது வேறு. குணசேகரம் வாய் திறக்க முன்னம் பாலாம்பிகை தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்:

"நான்தான் பெட்டியைத் திறந்து எடுத்தனான். அவருக்கு ஒண்டும் தெரியாது."

புருசனைக் காப்பாற்றச் சொன்ன பொய். மனைவியால் பெட்டியைத் திறக்க முடியும் என்பது, துவக்கை வெளியே விட்டுப் போனதைவிடப் பெரிய குற்றம் என்று பாலாம்பிகைக்குத் தெரியாது. குணசேகரத்துக்குத் தெரியும். இனித் துவக்குகள் போனது போனதுதான்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "மனைவி சொல்வது உண்மையா?"

ஓம் என்றால் பழி பாலாம்பிகைக்கு. இல்லை என்றால், முப்பது வருடத்தில் அவருக்காக மனைவி சொன்ன ஒரேயொரு பொய்யை அந்நியர் முன்னால் அவரே உடைக்க வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பாலாம்பிகையின் முகத்தை எழுத முடியவில்லை. அதிகாரி காத்து நிற்கிறார். பதிலை நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது பாலாம்பிகையைப் பார்த்துச் சொல்லுங்கள்.