நான்காம் மாடி விசாரணை

எங்கள் வலிக்காரர் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். "பரவாயில்லை" என்று வாய் தவறிச் சொன்னவருக்கு அன்றைக்குத் தலையணை கிடையாது. நூலகத்தின் பின்னறையில் இருக்கும் நாற்காலிகள் மனிதனைப் பழிவாங்கவே செய்யப்பட்டவை. அவற்றில் தலையணையில்லாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவர் அடுத்த வாரம் உண்மை பேசுவார்.

நான் இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவன். இடுப்பு போய் ஏழு வருஷமாகிறது. எந்த எக்ஸ்ரே படம் எடுத்தாலும் அதில் ஒன்றும் தெரியாததால், ஊர்ப் பார்வையில் நான் சோம்பேறி. கணக்கு டீச்சருக்கு உடம்பெல்லாம் வலி, சமையல்காரருக்கு முழங்கால். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வந்துவிட்டது. அதனால் புதன்கிழமைதோறும் கூடி, வலி வராதவர்களைத் திட்டுவோம்.

தலையணையை அதிகம் பறிகொடுத்தவள் தையல்காரி. இடுப்பிலிருந்து பாதம் வரை நரம்பு வலி, மூன்று வருஷமாக. வேலை போய்விட்டது. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். தரைத்தளத்தில் வீடு கேட்டு மனுப் போட்டாள். குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வந்தார். இவள் என்ன செய்தாள் தெரியுமா? முந்தின நாளே ஜன்னல் கம்பி வரைக்கும் துடைத்து, நல்ல துணி உடுத்தி, டீயும் பிஸ்கட்டும் நீட்டி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவரிடம் "பரவாயில்லைங்க" என்று சிரித்தாள். அவர் "நலமாக இருக்கிறார்" என்று எழுதிவிட்டுப் போனார். இவள் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மனு தள்ளுபடி.

"வீடு தேடி வர்றவங்கள அழுக்கு வீட்டுல உட்கார வைக்க முடியுமாண்ணே?" என்று என்னிடமே கேட்டாள்.

"முடியும்" என்றேன். எனக்கு வந்த கோபத்தில் அவள் தலையணையோடு என் தலையணையையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பேன்.

மேல்முறையீடு செய்தாள். அதே அதிகாரி செவ்வாய் பதினொரு மணிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. இதுவும் போனால் மூன்று வருஷத்துக்கு மறுபடி மனுப் போட முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இவளோ தொட்டிலையும் தானே ஆட்டிக்கொள்கிற ரகம். எனவே டீச்சரும் சமையல்காரரும் நானும் முன்கூட்டியே போய் அவளுடைய துடைப்பத்தைப் பறிமுதல் செய்வது என்று முடிவானது.

திட்டம் பிரமாதம். நான்கு மாடியை நாங்களும் ஏற வேண்டும் என்பது மட்டும் மூன்று மண்டைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

பத்து மணிக்கு ஆளுக்கொரு தலையணையோடு ஏற ஆரம்பித்தோம். பத்தே முக்காலுக்கு இரண்டாம் மாடியைத் தாண்டியிருந்தோம். சமையல்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் சுவரில் சாய்ந்து, என்னைப் பெற்றவர்களைத் தவிர எல்லாரையும் மனசுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கோப்புடன் ஒருவர் வேகமாக ஏறி வந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க."

"எழுந்திருக்க முடிஞ்சா விட்டுடலாம் சார்" என்றார் சமையல்காரர்.

அவர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கொடுத்துத் தூக்கினார். நாலு படிக்கு ஒரு தரம் நின்றோம். பின்னால் அவரும் நின்றார். மூன்றாம் மாடி வருவதற்குள் எங்கள் தலையணைகள் மூன்றும் அவர் கையில் இருந்தன.

"தினமும் இப்படித்தான் ஏறுவீங்களா?"

"நாங்க இங்க இல்ல சார். மேல ஒருத்தி இருக்கா, அவதான் ஏறணும்" என்றார் டீச்சர். அதிகாரி கோப்பைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

அவள் கணவர் கதவைத் திறந்தார். வீடு பளபளவென்று இருந்தது. விடிந்ததிலிருந்து துடைத்திருக்கிறாள், பாவி. டீத் தட்டை ஏந்திக்கொண்டு சிரித்தபடி நின்றாள். டீச்சர் யாரையும் கேட்காமல் அந்தத் தரையிலேயே நீட்டிப் படுத்துவிட்டார்.

அதிகாரி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "எப்படி இருக்கீங்கம்மா?"

"பரவா..." என்று ஆரம்பித்தவள், தரையில் கிடந்த டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் என்னை. தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வலிக்குதுங்க" என்றாள். "நீங்க வர்றீங்கன்னு துடைச்சேன், இப்ப நிக்க முடியல. படியில உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவேன். யாராவது வந்தா செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்குவேன். கீழ போய் மூணு வாரமாச்சு."

 அதிகாரி ரொம்ப நேரம் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார்: "மனுதாரருக்கு நான்காம் மாடி ஆகாது. தரைத்தளம் ஒதுக்கலாம்." கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

கதவருகில் நின்றிருந்த கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மூணு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். "வேலை முடிஞ்சு உள்ள நுழையும்போதே, 'இப்பப் பரவாயில்லதானே'ன்னுதான் கேப்பீங்க. நான் வேற என்னத்தச் சொல்றது?"

அவர் டீத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஈரக்கையோடு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?"

அவள் பாதத்திலிருந்து ஆரம்பித்தாள்.