கொழுக்கட்டைப் புல்

அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஆற்றின் தென்கரையில் பரந்து கிடந்த அந்த நிலத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர் மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று விட்ட பொது நிலம். பெயரில்தான் மேய்ச்சல் இருந்தது. 1946-ஆம் வருஷக் கோடையில் அங்கே போய் நின்றவர்களுக்கு மண் தெரிந்தது, எருக்கஞ்செடி தெரிந்தது, சாணி தெரிந்தது. புல் மட்டும் கண்ணில் படவில்லை. மயிலாப்பூர் மாடுகள் தினமும் பாலத்தைக் கடந்து வந்து, இல்லாத புல்லைத் தேடிவிட்டு, ஒட்டிய வயிற்றோடு வீடு திரும்பின.

இந்த லட்சணத்தில் இருந்த நிலத்தின்மேல்தான் அகஸ்டினுக்குப் பைத்தியம். சாந்தோம்காரர். அப்பா, சித்தப்பா, மாமா என்று குடும்பமே வாத்தியார் குடும்பம். இவர் ஒருவர்தான் கோயம்புத்தூரில் விவசாயம் படித்து, காங்கேயத்து மேய்ச்சல் காடுகளில் சில வருஷம் அலைந்து, புல்லைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதவராகத் திரும்பி வந்தார். சர்க்கார் அவரை மேய்ச்சல் நில அதிகாரியாகப் போட்டது. மாட்டுக்காரர்கள் அவருக்குப் புல்லு தொரை என்று பெயர் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்யும்போது இவர் ஜன்னல் வழியாகக் கோயில் வளாகத்துப் புல்லை எடை போட்டுக்கொண்டிருப்பார் என்று அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் சொல்வாள். அதில் பொய்யில்லை.

அந்த வருஷம் அவருக்குத் தலைக்குமேல் கத்தி. ஒன்றுக்கும் உதவாத இந்தப் பொட்டலை வீட்டு மனைகளாகப் பிரித்துவிடலாம் என்று மேலே பேச்சு அடிபட்டது. மாம்பலத்தில் ஏரியையே தூர்த்துத் தியாகராய நகர் ஆக்கியவர்களுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? அகஸ்டின் தாசில்தார் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, வாதாடி ஒரு தவணை வாங்கினார். மார்கழியில் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார். புல் இருந்தால் நிலம் மாடுகளுக்கு. இல்லையென்றால் மனைதான்.

அவருடைய திட்டம் எளிமையானது. நிலத்தில் பாதியை முள் போட்டு அடைப்பது. லேசாக உழுது, ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் கொழுக்கட்டைப் புல் விதைப்பது. அது வளர்ந்து, பூத்து, விதை தானாக உதிரும்வரை ஒரு மாட்டையும் உள்ளே விடக்கூடாது. பெயர் கொழுக்கட்டையே தவிர, மாட்டுக்கு அது அல்வா. ஒருமுறை விதை உதிர்ந்துவிட்டால் வருஷா வருஷம் தானே முளைக்கும். இதை மாட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் அகஸ்டினுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. முக்கியமாக அய்யாதுரைக்கு. மற்ற மாட்டுக்காரர்கள் அவன் வாயைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள்.

"கீறதே கொஞ்சூண்டு. அதுலயும் பாதிய முள்ளு போட்டு அடச்சிட்டா மாடு இன்னாத்த துன்னும்?" என்றான் அய்யாதுரை. "சரி, மார்கழி வரிக்கும் பாக்கறோம். புல்லு வர்லன்னா முள்ள நானே பிரிச்சிருவேன் சார், சொல்லிட்டேன்."

விதை காங்கேயத்திலிருந்து ரயிலில் வந்தது. லஸ்ஸில் இருந்த ஆபீஸ் அறை ஒழுகியதால், ஹெட் கிளார்க் பஞ்சாபகேசன் மூட்டைகளை வடக்கு மாட வீதியில் தன் வீட்டுப் பின்கட்டில் பத்திரப்படுத்தினார். ஆபீஸ் காகிதங்களில் அகஸ்டின் அந்த விதைக்கு எழுதியிருந்த பெயர் சென்க்ரஸ். ஆபீஸில் லத்தீன், ஆற்றங்கரையில் தமிழ் என்பது அவர் வழக்கம். படித்ததைக் கொஞ்சம் காட்டிக்கொள்ளும் ஆசைதான், வேறென்ன. வினை அங்கேதான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அகஸ்டின் கால் தரையில் பாவவில்லை. உழவு இன்னும் முடியவில்லை. அவர் நகர முடியாது. அய்யாதுரையை மயிலாப்பூருக்கு விரட்டினார். ஹெட் கிளார்க்கிடம் போய், கொழுக்கட்டை இரண்டு மூட்டை, விடிந்ததும் கரைக்கு வந்துவிட வேண்டும், மழைக்கு முன்னால் வேலை ஆக வேண்டும் என்று சொல்லச் சொன்னார். அய்யாதுரை ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே போய்ச் சொன்னான்.

பஞ்சாபகேசனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அகஸ்டின் கிறிஸ்தவ வேதக்காரராக இருந்தும், விதைக்கும் முன் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு மாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கொழுக்கட்டை கொடுக்க நினைக்கிறாரே, என்ன மனசு என்று மாய்ந்து போனார். அவர் மனைவி ஜானகி மட்டும், ரேஷன் காலத்தில் இரண்டு மூட்டைக்கு அரிசிக்கு எங்கே போவது என்று கேட்டாள். கேட்டாளே தவிர, அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கி, போதாததற்குக் கேழ்வரகு மாவைச் சேர்த்து, அடுப்பை மூட்டிவிட்டாள்.

காலையில் ஒரு ஜட்கா வண்டி கரையில் வந்து நின்றது. பஞ்சாபகேசன் பட்டை பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் துணி கட்டிய இரண்டு அண்டாக்கள்.

"மூட்டைக் கணக்குக்கு வரலை சார்," என்றார். "ஆத்துல எல்லாருமா உட்கார்ந்துண்டு பிடிச்சது. பாதி கேழ்வரகு. பிள்ளையார் கோச்சுக்க மாட்டார்."

அகஸ்டின் துணியை விலக்கிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. மாட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான்; பிறகு கரையே சிரித்தது. விஷயம் விளங்கியதும் பஞ்சாபகேசன் முகம் சுண்டிப்போய்விட்டது. சென்க்ரஸ் என்று எழுதியதை யார் கொழுக்கட்டை என்று நினைப்பார்கள் என்று முனகினார். நியாயமான கேள்விதான். மேகமோ தலைக்கு மேலே வந்து நின்றது. அகஸ்டின் அதே ஜட்காவில் தாவி ஏறினார்.

அன்றைக்கு அந்த வண்டி போன வேகத்தைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். பாலம், சாந்தோம், கச்சேரி ரோடு, மாட வீதி. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே வழியே திரும்ப. வண்டிக்காரனைவிட அகஸ்டின்தான் அதிகம் சத்தம் போட்டாராம். கரைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சொட்டு விழுந்திருக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று துள்ளிக் குதித்து, மூட்டையின் வாயைப் பிரித்து, இரண்டு கையாலும் விதையை அள்ளி வீசினார்.

விதை ஒன்றுகூடத் தரைக்கு வரவில்லை. கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு மாதிரி, சுற்றிலும் மெல்லிய சுணை முடி. காங்கேயத்தில் காற்று அடங்கிய நேரம் பார்த்து விதைப்பார்கள். இங்கே மழைக்கு முந்திய கடல்காற்று அதைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. இன்னொரு கை வீசினார். அதுவும் ஆற்றுக்கே போயிற்று. மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி அகஸ்டின் உழுத மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மழை கொட்டி மண் சேறானால் அப்புறம் விதைக்க முடியாது. அடுத்த மழைக்குள் மனைக்குக் கல் நட்டுவிடுவார்கள்.

பாவமாக இருந்திருக்க வேண்டும். அய்யாதுரை ஒரு கொழுக்கட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, முதலில் சாப்பிடுங்கள் என்றான். கேழ்வரகுக் கொழுக்கட்டை, மண் நிறத்தில் உருண்டையாக இருந்தது. அகஸ்டின் யோசனையே இல்லாமல் கடித்தார். உள்ளே பூரணம். கடித்த பாதியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"சாணி," என்றார். "ஆத்து மண்ணு. ரெண்டையும் பிசைஞ்சு மேல் மாவு. விதைதான் பூரணம். பிடிங்க எல்லாரும்."

அப்புறம் நடந்ததற்குத் திருவிழா என்றுதான் பெயர். சாணிக்கு அங்கே பஞ்சமா? இளகிய மண்ணைக் கூடை கூடையாக அள்ளி வந்தார்கள். ஒரு கையால் தின்றார்கள், மறு கையால் பிடித்தார்கள். எந்தக் கை எந்த உருண்டைக்கு என்று குழம்பித் துப்பியவர்களும் உண்டு. ஆசாரத்துக்கு அஞ்சிக் கொஞ்ச நேரம் தள்ளி நின்ற பஞ்சாபகேசன், பொறுக்க முடியாமல் பஞ்சகச்சத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லாரையும்விட வேகமாகப் பிடித்தவர் அவர்தான். பிடித்ததை அகஸ்டின் நிலம் முழுக்க வீசிக்கொண்டே ஓடினார். காற்று என்ன முட்டியும் அந்த உருண்டைகளை அசைக்க முடியவில்லை. கடைசிக் கூடை காலியாகும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஒதுங்கப் போகவில்லை. அகஸ்டின் நனைந்துகொண்டே சிரித்தார்.

முதல் பச்சை தெரிந்த நாளில் அவர் ஃப்ளோரன்ஸையே கூட்டிவந்து காட்டினார். கார்த்திகையில் முழங்காலுக்கு வந்தது. மார்கழி பிறந்து கிறிஸ்துமஸும் கழிந்தபோது இடுப்பளவு நின்று, கதிர் விட்டு, காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. வேலிக்கு வெளியே மாடுகள் நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு கத்தின.

தாசில்தார் வந்தார். வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் முகத்தில் திருப்தியும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

"நல்லாத்தான் வளர்ந்திருக்கு," என்றார். "இத்தனை உயரப் புல்லை மாடு தின்னுமா? வேலியைத் திறங்க. மேயட்டும், பார்க்கிறேன்."

அகஸ்டின் ஒரு கதிரைக் கிள்ளிப் பார்த்தார். கதிர் இன்னும் பச்சை. இப்போது மாடுகள் உள்ளே இறங்கினால் ஒரே நாளில் வழித்து எடுத்துவிடும், விதை உதிராது, அடுத்த வருஷம் பழைய பொட்டல். திறக்கமாட்டேன் என்றாலோ, தின்னாத புல்லை வளர்த்துவிட்டு மழுப்புகிறான் என்று தாசில்தார் முடிவு கட்டிவிடுவார். போதாக்குறைக்கு, வேலிப் படல் பக்கத்தில் நின்றவன் அய்யாதுரை. மாசக்கணக்காக மாட்டை அரை வயிற்றோடு ஓட்டிக்கொண்டிருப்பவன். ஒரு கை நீட்டினால் போதும், படல் திறந்துவிடும்.

அய்யாதுரை கையை நீட்டினான். வேலிக்கு மேலாக ஒரு பிடி புல்லைப் பிடுங்கித் தன் மாட்டின் வாயில் கொடுத்தான். மாடு அதை மென்றுவிட்டு அவன் கையையும் சேர்த்து நக்கியது. பிறகு படலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

"துன்னுது சார், பாத்துக்கினீங்களா?" என்றான். "ஆனா தொறக்க முடியாது. இன்னும் வெத வுழல."

"உன் மாடு பசியில கத்துதேப்பா," என்றார் தாசில்தார்.

"கத்தட்டும் சார். அதுக்கு அடுத்த வருசமும் பசிக்கும்ல."

மற்ற மாட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து அவன் பக்கத்தில் நின்றார்கள். தாசில்தார் அவர்களையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். மனைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், இது மேய்க்காலாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அகஸ்டினுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. முள்ளைத் தாண்டிக் குதித்து உள்ளே போய், புல்லுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்று பின்னாலிருந்து அய்யாதுரை அதட்டினான். "இன்னா மெதிச்சிக்கினு கீற? வெளிய வா."