சின்ன எம், பெரிய எம்

அந்தச் செருப்புக் கடைக்குக் கடையே கிடையாது; விற்பனை எல்லாம் வலைதளத்தில்தான். ஆனால் அதன் கணினிகளுக்குள் நடந்த இடம் பிடிக்கும் சண்டையைப் பார்த்தால், கடைசி பஸ்ஸில் தொங்குகிற கூட்டமே வெட்கப்பட்டு இறங்கி நடந்துவிடும்.

கடையின் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு கன்டெய்னருக்குள் ஓடியது. அலுவலகத்தில் அதற்குப் பெயர் டப்பா. தன் டப்பாவுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், தின்றாலும் தின்னாவிட்டாலும் அந்த இடம் அதற்குத்தான். பஸ் சீட்டில் துண்டு போட்ட கதை.

டப்பாக்களுக்கெல்லாம் பொறுப்பாளி அண்ணி. அவளுடைய நாத்தனாரும் அங்கேயே வேலை பார்த்தாள், சேர்ந்த அன்றே கட்டடம் கிடுகிடுக்க "அண்ணீ!" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து நரைத்த தலை மேலாளருக்கும் அவள் அண்ணிதான்.

நாத்தனாரின் டப்பா செருப்புப் படங்களைச் சுருக்கும். அதற்காக அவள் பதினாறு ஜிபிக்குத் துண்டு போட்டிருந்தாள். அது தின்றதோ அரை ஜிபிகூட இல்லை. மிச்ச இடத்தில் யானை குடும்பத்தோடு படுத்துப் புரளலாம். அன்று காலை கூட்டம் கூடியதே என்று பணம் வாங்கும் டப்பா இன்னொன்றை அண்ணி கிளப்பினால், 'இடமில்லை' என்று அது வாசலிலேயே நின்றது. உள்ளே கணினிகள் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன.

குழுவுக்கு இவ்வளவுதான் என்று கோட்டா வைக்கச் சொல்லி அண்ணி கெஞ்சாத நாளில்லை. மேலாளர் இப்போதுதான் இறங்கி வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் பாருங்க அண்ணி. கடையில ஒரே ஒரு படம் காணாமப் போனாலும் கோட்டாவைக் கிணத்துல போட்டுடுவேன். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் அளவுகளைக் குறைத்தார்கள். மிச்சம் நாத்தனார்.

"என் புள்ள வயித்துல அடிக்கறீங்க, அண்ணி."

"உன் புள்ள தின்றது ஒரு வாய். தட்டு அடுக்கி வெச்சிருக்கறது கல்யாண மண்டபத்துக்கு."

"திடீர்னு பசிச்சா?"

"அதுக்குத்தானே மேல் வரம்பு? பசிச்சா அதுவரைக்கும் தின்னலாம். நீயே எழுதிக்கோ. நான் எழுதினா ராத்திரி உங்க அண்ணன்கிட்ட மூக்கைச் சிந்துவே."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு 512 என்று தட்டினாள். பதினாறு ஜிபி கேட்ட வாய் 512 மெகாவுக்கு இறங்கிவிட்டதே என்ற பூரிப்பில் அண்ணிக்குக் கண் மங்கிவிட்டது. எண்ணை மட்டும் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள்.

புது டப்பா எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. குடிகாரன்கூட ஒரு தடவையாவது சுவரைப் பிடிப்பான்.

"அண்ணீ! பட்டினி போட்டே கொன்னுட்டீங்க!"

அந்தக் கூச்சலில் மேலாளர் தன் அறையிலிருந்து பறந்தே வந்தார். திரையில் கணினி ரொம்பப் பணிவாகக் கேட்டிருந்தது: 'நினைவக வரம்பு குறைச்சலோ?'

அண்ணி எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தாள். எம். சின்ன எம். பெரிய எம் என்றால் மெகா, பத்து லட்சம். சின்ன எம் என்றால் ஒரே ஒரு பைட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"ஏண்டி, பதினாறு ஜிபி கேட்டவ இப்ப உன் புள்ளைக்கு எவ்வளவு குடுத்திருக்கே தெரியுமா? அரை பைட்டு! ஒரு எழுத்துக்கே முழு பைட்டு வேணும்; இதுல அதை நிமிர்த்தி வைக்க முடியாது. படுக்க வெச்சாலும் கால் வெளியே நீட்டும்!"

நாத்தனார் திரையைப் பார்த்தாள், விசைப்பலகையைப் பார்த்தாள், தன் சுண்டுவிரலைச் சந்தேகமாகப் பார்த்தாள். "ஷிப்ட் அழுத்தலையா நான்?"

மேலாளர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். கடையில படம் போச்சா, இல்லையா?"

அண்ணி கடையைத் திறந்தாள். செருப்பு, பூட்ஸ், குழந்தைகளின் பீப்பி ஷூ, எல்லாம் பளபளவென்று வரிசையாக நின்றன. புதுசு நிமிர்ந்து நின்றால்தானே பழைய டப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்? புதுசு எழுந்து விழுந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அது பாட்டுக்குப் படம் சுருக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூடப் போகல சார்."

நாத்தனார் பெரிய எம்மை அடித்த அடியில் விசைப்பலகை ஒரு ஜாண் நகர்ந்தது. புது டப்பா எழுந்தது, நின்றது. பழையது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது. வாசலில் காத்துக் கிடந்த பணம் வாங்கும் டப்பா சடாரென்று உள்ளே புகுந்தது. மாலைவரை ஒரு படமும் காணாமல் போகவில்லை.

"கோட்டாவைப் பூட்டுங்க அண்ணி," என்றார் மேலாளர். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாத்தனார் முண்டியடித்து முதலில் ஏறிவிட்டாள். அண்ணி உள்ளே வந்து பார்த்தால் ஒரு சீட்டில் அவள், அடுத்ததில் கைப்பை, அதற்கும் அடுத்ததில் சாப்பாட்டுப் பை.

"ரெண்டு பேருக்கு எதுக்குடி மூணு சீட்டு?"

"திடீர்னு அண்ணன் ஏறினா?"

அண்ணி சாப்பாட்டுப் பையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, காலி சீட்டைக் காட்டி நின்றுகொண்டிருந்தவரை உட்காரச் சொன்னாள்.