மத்தியானத்துப் பசூன்

வீட்டில் அவளுக்குப் பூனை என்றுதான் பெயர். நடந்தால் சத்தம் வராது, கூப்பிட்டால் பதில் வராது, வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டால் உள்ளறைக்குள் போய் ஒண்டிக்கொள்வாள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. பத்தாவது பாதியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, அவள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

பேச்செல்லாம் அக்காவுக்குத்தான். அக்கா வாயைத் திறந்தால் மருந்துக்கடைக்காரர் முதல் மின்சார ஆபீஸ்காரர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வேலையை முடித்துக் கொடுப்பார்கள். அவள் பகலில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். சாயங்காலம் வீட்டில் பசூன் வாசிப்பாள். ஆள் உயரத்துக்கு நிற்கும் மரக் குழல் அது. பக்கவாட்டில் கிளம்பி வளைகிற மெல்லிய உலோகக் குழாயின் நுனியில் சீவாளியைச் செருகி ஊத வேண்டும். நகர இசைக்குழுவில் பசூன்காரர் யாராவது படுத்துக்கொண்டால் அக்காவுக்கு ஆள் வரும். "அவங்களுக்குக் காய்ச்சல் அடிச்சாத்தான் எனக்குப் பொழைப்பு" என்று அக்கா எட்டு வருஷமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வரவர அந்தச் சிரிப்பில் உப்பில்லை.

அந்தச் சீவாளியைச் சீவுவது பூனையின் வேலை. முதலில் அக்காதான் சீவினாள். ஆனால் அவளுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு தடவை விரலை அறுத்துக்கொண்டதும் கத்தியைத் தங்கையின் கையில் திணித்துவிட்டாள். இரண்டு நாணல் இதழ்களைச் சேர்த்துக் கட்டி, நுனியை விளக்குக்கு நேரே பிடித்து, வெளிச்சம் ஒரே சீராகத் தெரிகிற வரைக்கும் மயிரிழை மயிரிழையாகச் சீவ வேண்டும். பிறகு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். காக்கை தொண்டையைச் செருமுவது போலக் கரகரவென்று ஒலித்தால் நல்ல சீவாளி. கீச்சென்றால் இன்னும் சீவணும். சத்தமே வராவிட்டால் குப்பைக்கு.

வாசித்து முடித்த பசூனைக் கழற்றித் துடைப்பதும் அவள்தான். அக்கா கடைசிச் சுரத்தை விட்டதும் குழலை நீட்டுவாள், பூனை வாங்கிக்கொள்வாள். அம்மாவின் பழைய உள்பாவாடையைக் கிழித்துச் செய்த மெல்லிய துணி. ஒரு முனையில் ஈயக் குண்டு கட்டிய நூல், மறுமுனையில் வால் போல இன்னொரு நூல். குண்டைக் குழலுக்குள் போட்டு மறுபக்கம் இழுத்தால் துணி உள்ளே புகுந்து எச்சில் ஈரத்தை எல்லாம் துடைத்துக்கொண்டு வரும். நடுவில் எங்கேயாவது சிக்கினால் வால் நூலைப் பிடித்துத் திரும்ப இழுத்துவிடலாம்.

சீவாளியை ஊதிப் பார்த்தவளுக்கு, அதைக் குழலில் செருகி ஊதிப் பார்க்க எத்தனை நாள் பிடிக்கும்? ஒரு மத்தியானம், அக்கா பள்ளியில் இருக்கும்போது, செருகினாள். எருமை தும்மியதுபோல் ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய் அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து மூன்று வருஷம், பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு வரைக்கும் வீடு அவளுடையது. அக்கா முன்பு தன் ஆசிரியரைத் திட்டிக்கொண்டே வீட்டில் சொன்னதெல்லாம் அவள் காதில் ஒட்டியிருந்தது. "தாடையை இறக்குங்கறான், கடிக்காதேங்கறான், கடிக்காம எப்படிப் பிடிக்கிறது?" அக்கா கடைசிவரை கடித்தாள். பூனை சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல உதட்டைச் சுற்றிலும் மெதுவாகக் கூட்டிப் பார்த்தாள். ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை நீட்டினாள். ஒரு மாதம் அதே சுரம். அறையின் சுவர், அலமாரி, தண்ணீர்க் குடம் எல்லாம் கூடவே முனகுகிற மாதிரி நாதம் தடித்த நாளன்று, அவள் குழலைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைப்ரேட்டோதான் படுத்தியது. நீட்டிய சுரம் செத்துக் கிடக்காமல், உள்ளுக்குள் மெல்ல அலையடிக்க வேண்டும். அக்கா அதைத் தொண்டையை நடுக்கிச் செய்வாள். ஆடு கத்துவதுபோல் இருக்கும். "வயித்துலேருந்து வரணுமாம். வயித்துல பசிதான் வருது" என்று அக்கா கிண்டலடித்துவிட்டு விட்டுவிட்டாள். பூனை விடவில்லை. அம்மாவின் அறைச் சுவர்க்கடிகாரம் ஒரு தடவை டிக் என்றால் வயிற்றால் ஒரு தள்ளு. பிறகு டிக்குக்கு இரண்டு. மூன்று. நான்கில் போய் ஆறு மாதம் நின்றாள். கிளம்பாத வண்டியைத் தள்ளுகிற மாதிரி திணறியது. பிறகு ஒரு நாள் எண்ணுவதை மறந்துபோனாள். மறந்த நேரத்தில் அது தானாக ஓடியது. உலையில் நீர் கொதிக்கத் தொடங்கும்போது மேலே ஒரு நடுக்கம் வருமே, அப்படி.

நல்ல சீவாளிகளில் பத்துக்கு ஒன்றை அவள் தனியே எடுத்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். அது ஒன்றுதான் திருட்டு.

இசைக்குழுவில் பசூன்காரர் ஒருவர் ஓய்வு பெற்றார். நிரந்தர இடம். ஆடிஷன் என்று கடிதம் வந்ததிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. சாயங்காலம் தேர்வுக்குரிய தனிப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அம்மா படுக்கையிலிருந்து குழறிக் குழறிக் கூப்பிட்டாள்.

"ஏண்டி பெரியவளே, மத்தியானம் நல்லாத்தானே ஊதின? இப்ப ஏன் இப்படி இழுக்குற?"

"மத்தியானமா? நான் ஸ்கூல்ல இல்ல இருந்தேன்."

"போடி. தினம் மத்தியானம் வந்து ஊதுறியே. அதக் கேட்டுக்கிட்டுத்தானே எனக்குத் தூக்கமே வருது."

அக்கா திரும்பிப் பார்த்தாள். பூனை அம்மாவின் காலடியில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

தேடுவதற்கு அந்த வீட்டில் இடமே இல்லை. தீப்பெட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அக்கா ஒரு சீவாளியை எடுத்து ஊதிப் பார்த்தாள். காக்கை வளமாகச் செருமியது.

"நல்லதையெல்லாம் நீ வச்சுக்கிட்டு எனக்குக் கழிசலையா குடுத்த?"

"இல்லக்கா. உனக்கும் நல்லதுதான்."

"பூனைன்னு பேரு வச்சது சரியாப் போச்சு. பால் சட்டியக் காலி பண்ணியிருக்கியே. ஊதுடி, பாப்போம்."

பூனை ஊதினாள். அக்காவின் அதே தனிப்பகுதி. பாதியில் அக்கா சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். "இவதான், இவதான்" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள், யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே.

அப்போது பூனை வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்று கேட்டாள். "நானும் எழுதிப் போடட்டாக்கா?"

அக்கா சிரித்தாள். "போடேன். யாரு வேணாம்னா? திரைக்குப் பின்னாடிதானே வாசிக்கணும். மூஞ்சியும் தெரியாது, பத்தாவது முடிக்காததும் தெரியாது. உனக்குன்னே பண்ணி வச்ச மாதிரி இருக்கு."

இரண்டு விண்ணப்பமும் ஒரே உறையில் போயின. அக்காவுக்கு ஏழு, தங்கைக்கு எட்டு என்று எண் வந்தது. வீட்டில் இருப்பது ஒரே வாத்தியம்தான் என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது, இரண்டு பேருக்கும் நடுவே பத்து நிமிஷம் இடைவெளி தருவதாகச் சொன்னார்களாம்.

முந்தின நாள் பூனை துடைக்கும் துணியை எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் உள்பாவாடைப் பூ அதில் இன்னும் தெரிந்தது. பெரிய மண்டபம், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை எப்படி வெளியே எடுப்பது? புதிதாகக் கனத்த பருத்தித் துணி வாங்கி, ஓரம் மடித்துத் தைத்து, குண்டு நூலைக் கட்டினாள். வால் நூல் கட்டுவதற்குள் அம்மா கூப்பிட்டாள். போனவள் அதை மறந்தேபோனாள்.

காத்திருக்கும் அறையில் வரிசையாக நாற்காலிகள். எண்ணைப் படித்துக் கூப்பிட ஒரு குமாஸ்தா, கையில் அட்டையும் பென்சிலும். ஒன்பதாம் எண் ஒரு தாடிக்காரர். தன் பசூனை மடியில் வைத்திருந்தார். அக்கா போன ஐந்தாவது நிமிஷத்தில் அவரோடு பழகிவிட்டாள். எந்த நாணல் நல்லது, எந்தக் குழாய் மோசம் என்று பேச்சு ஓடியது. அவர் தன் மகளின் படத்தைக்கூடக் காட்டினார். பூனை தீப்பெட்டியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

"ஏழு."

கதவு சாத்தியிருந்தாலும் கேட்டது. முதல் பாதி அக்கா நன்றாகவே வாசித்தாள். நீண்ட சுரம் வந்த இடத்தில் தொண்டை நடுங்கியது. தாடிக்காரர் தலையைத் தூக்கி, மறுபடி குனிந்துகொண்டார்.

அக்கா வெளியே வந்தாள். நெற்றி எல்லாம் வேர்வை. வழக்கம்போல் குழலை நீட்டினாள். பூனை வழக்கம்போல் வாங்கினாள். கை வழக்கம்போல் குழலின் மெல்லிய மேல்பகுதியைக் கழற்றி, குண்டைப் போட்டு, மறுபக்கம் பிடித்து இழுத்தது. அவசரத்தில் துணியை உதறி விரிக்கவில்லை. கனத்த துணி ஈரத்தைக் குடித்து உப்பி, குழல் குறுகுகிற இடத்தில் போய் நின்றுகொண்டது. பின்னால் இழுக்கலாம் என்று விரல் வால் நூலைத் தேடியது. வால் நூல் இல்லை. முன்னால் பலமாக இழுத்தாள். குண்டு நூல் அறுந்து அவள் கையோடு வந்தது.

அக்கா பென்சிலை விட்டுப் பார்த்தாள், கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தாள். துணி இன்னும் இறுகியது.

தாடிக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார். "என்னம்மா, ஏதாவது வேணுமா?"

அவர் மடியில் பசூன் இருந்தது. பூனையின் கையில் சீவாளி இருந்தது. ஒரு வார்த்தை போதும். பூனை வாயைத் திறந்தாள். தொண்டையில் காற்றுதான் இருந்தது. அக்காவைப் பார்த்தாள். மின்சார ஆபீஸ்காரரைச் சிரிக்கவைத்த அக்கா, முன்பின் தெரியாதவர் மகளின் படத்தை ஐந்து நிமிஷத்தில் பார்த்த அக்கா.

"ஒண்ணுமில்ல சார், சும்மா" என்றாள் அக்கா.

"எட்டு" என்றார் குமாஸ்தா. யாரும் எழவில்லை. "எட்டு யாருங்க? எட்டு வரலையா?"

அறையில் கடிகாரம் இல்லை. இருந்திருந்தால் பூனை எண்ணியிருப்பாள்.

"எட்டு வரல சார்" என்றாள் அக்கா, குழல் துண்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே. குமாஸ்தா அட்டையில் ஒரு கோடு போட்டார். "ஒம்பது."

வீடு திரும்பும் பேருந்தில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். மூன்று நிறுத்தம் தாண்டி அக்கா சொன்னாள்: "உன்ன யாருடி தொடைக்கச் சொன்னா? ஈரத்தோடயே ஊதித் தொலைச்சிருக்கலாம்ல?"

யாரும் சொல்லவில்லைதான். பூனை அதை அந்த வாரம் முழுக்க யோசித்தாள். அக்காவின் எச்சிலைத் துடைக்காமல் அந்தக் குழலை வாயில் வைக்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

சிக்கிய துணியை, வாத்தியம் பழுதுபார்ப்பவர் நீளக் கொக்கியால் எடுத்துக் கொடுத்தார். வேலை அக்காவுக்கே கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார்கள். அக்கா பள்ளி வேலையை விட்டாள். காலையில் பசூன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனால் சாயங்காலம்தான் பெட்டி வீட்டுக்கு வரும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது. அம்மாவுக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. "பெரியவ ஏன் இப்ப வர்றதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலாவது மாதம் ஒரு நாள் அக்கா மூன்று மணிக்கே வந்துவிட்டாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சீவாளி சீவிக்கொண்டிருந்த பூனையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"குழுவ நடத்துறவர் எல்லாருக்கும் முன்னாடி கேட்டுட்டார்டி. மண்டபத்துல ஆடு புகுந்துருக்கான்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க, நானும் சிரிச்சேன்." கொஞ்ச நேரம் தரையில் கிடந்த நாணல் தூளை விரலால் ஒதுக்கினாள். "அடுத்த மாசம் அந்தத் தனிப்பகுதி இருக்கு. அதுல சரியா வரலைன்னா அனுப்பிருவாங்க. பூனை... அது எப்படிடி வயித்துலேருந்து வருது? நீ எப்படிப் பண்ண?"

டிக்குக்கு ஒன்று, பிறகு இரண்டு. நான்கில் ஆறு மாதம். எண்ணுவதை மறக்கும் வரைக்கும். எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரு மத்தியானத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

"தெரியலக்கா" என்றாள் பூனை. "தானா வந்துச்சு."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். பூனையும் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அன்று "ஒண்ணுமில்ல சார்" என்று சொன்ன அக்காவால் இனி எதையும் கேட்க முடியாது.

பூனை புதுச் சீவாளியை ஊதிப் பார்த்தாள். வளமாகச் செருமியது, அன்றைய பத்தில் அதுதான் சிறந்தது. அதை அக்காவிடமே கொடுத்தாள். சீவாளியில் வஞ்சனை செய்ய மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

அக்கா முன்னறைக்குப் போய் வாசிக்கத் தொடங்கினாள். நீண்ட சுரம் வந்ததும் ஆடு கத்தியது.

"யாருடி அது?" என்றாள் அம்மா படுக்கையிலிருந்து. "மத்தியானம் ஊதுவாளே, அவள ஊதச் சொல்லு."

பூனை எழுந்து போய் அம்மாவின் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு கத்தியைத் துடைத்துவிட்டு, அடுத்த நாணலை எடுத்தாள்.