கடைசித் தட்டு

ஆய்வகத்தில் அவளுக்குக் கையுறைக்காரி என்று பெயர். யாராவது வெறுங்கையோடு மேசைப் பக்கம் வந்துவிட்டால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். விரல் பட்டாலே, செல்லுக்குள் டிஎன்ஏவின் நகலாக இருக்கும் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும், அது அப்படியொரு தொட்டாற்சிணுங்கி.

வைரஸை வெட்ட பாக்டீரியா வைத்திருக்கும் கத்தரியால் டிஎன்ஏவைத் திருத்துவது பழகிப்போன சங்கதி. அவள் குழு அதே குடும்பத்துக் கத்தரி ஒன்றின் முனையை மழுக்கி, ஆர்என்ஏவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றப் பார்த்தது. டிஎன்ஏவில் கைவைத்தால் வைத்ததுதான். ஆர்என்ஏவில் செய்த திருத்தமோ சில நாளில் தானே கரைந்துவிடும்.

ஒரே ஓர் எழுத்துப் பிழையால் தசை நோயில் விழுந்திருந்த அவள் அக்காவுக்கு அதுதான் பிடித்திருந்தது. "தப்பாப் போனா திரும்பி வர வழி இருக்கணும்டி" என்று சொல்லித் சோதனைக்குச் செல் வளர்க்கத் தன் கைத்தோலில் கொஞ்சம் கொடுத்தாள். மகளுக்கும் அதே தசை நோய்தான். ஆனால் "பச்சப் புள்ளையைக் குத்தாதீங்க" என்று ஒரே பிடிவாதம். அப்படிப்பட்டவள் திரும்பி வர வழியில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்தத் தோலிலிருந்து வளர்த்த செல்கள் மட்டும் மிஞ்சின. அவையும் வயதாகி, பெருகுவதை நிறுத்தி, இரண்டே தட்டில். ஒன்று சோதனைக்கு, மற்றது தனக்கு என்று மனசுக்குள் வைத்திருந்தாள். தினமும் காலையில் நுண்ணோக்கியில் குனிந்து, "என்னக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பைத்தியக்காரத்தனம்தான். ஏக்கத்துக்குப் புத்தி ஏது?

கத்தரி செலுத்திய முதல் தட்டின் செல்களை உடைத்து ஆர்என்ஏ எடுத்த அன்று, அக்கா பெயர் எழுதிய குழாயை ஒருதரம் வெறும் விரலால் தொட வேண்டும் போலிருந்தது. கையுறையைக் கழற்றினாள். மூடியின் உட்புறத்தில் விரல் பட்டதை அவளே கவனிக்கவில்லை. பரிசோதித்தால் எல்லாம் தூள் தூள்.

"இன்னொரு தட்டு இருக்குல்ல?" என்றார் குழுத்தலைவர், பாவம், ஒன்றும் தெரியாமல்.

இருந்தது. வீட்டில் அக்கா மகளோ படியேறக் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தாள்.

கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டாள். கத்தரியைச் செல்களுக்குள் செலுத்திக் காத்திருந்தாள். பிறகு உடைக்கும் கரைசலை ஊற்றும்போது, "போயிட்டு வாக்கா" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டாள், கண்ணீரும் ஆர்என்ஏவுக்கு ஆகாது.

முடிவு வந்தது. அந்த ஓர் எழுத்து மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளின் கையை வெறுங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா உனக்கு ஒண்ணு குடுத்தனுப்பியிருக்கா."

"எங்க சித்தி?"

"வந்துக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் நாளாகும்."

குழந்தை வாசலை எட்டிப் பார்த்தாள்.