சீமாட்டி உதைத்த கதை

ஆஸ்பத்திரியில் காலின் கட்டைப் பிரித்த அன்றுதான் அவர் தன் முழங்காலை முதன்முதலாகப் பார்த்தார். பார்த்ததும் பேயறைந்தவர் போல ஆகிவிட்டார். முட்டியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடியது, தீவன மூட்டையை அவசரத்தில் தைத்த மாதிரி. தொடை வற்றிப்போய், மூட்டு மட்டும் வீங்கிக் கிடந்தது. நொறுங்கிய முட்டிச் சில்லை உள்ளே கம்பி போட்டு இறுக்கியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

"இதுவா என் காலு?" என்று கேட்டார்.

"பின்ன, வாடகைக்கா எடுத்துட்டு வந்தாங்க?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டுக்கொட்டகை தெரிகிற ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். பால் கறக்கும்போது மாடு உதைத்துவிட்டது. எந்த மாடு? சீமாட்டி. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். இருக்கிற மூன்று மாடுகளில் அதுதான் பரம சாது. இன்னொரு மாடு வாய் வைத்த தொட்டியில் வாய் வைக்காது, அதனால்தான் அந்தப் பெயர். மற்றபடி, குழந்தை மடியில் தொங்கினால்கூட அசையாமல் நிற்கும். "நம்பவே முடியலையே" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். "எனக்கே நம்ப முடியல" என்று அவரும் சொன்னார். அதுமட்டும் உண்மை.

ஏனென்றால் சீமாட்டி உதைக்கவே இல்லை.

நடந்தது வேறு. அவரிடம் ஒரு ரப்பர் செருப்பு இருந்தது. அடிப்பாகம் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கொட்டகையின் ஈரச் சிமெண்டுத் தரையில் அதைப் போட்டுக்கொண்டு நடக்காதே என்று மனைவி தொண்டை வற்றச் சொல்லிவிட்டாள். முழங்கால் வரை வருகிற பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அது கொட்டகை ஆணியில் தொங்கி, உள்ளே சிலந்தி குடித்தனம் நடத்தியது. கடைசியில் ஒருநாள் செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். அவர் யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கழுவி மறுபடி மாட்டிக்கொண்டார். ராசியான செருப்பாம்.

அந்த ராசிதான் அன்று காலை அவரைக் குப்புறத் தள்ளியது. தொட்டியின் சிமெண்டு விளிம்பில் முட்டி நேராகப் போய் மோதியது. உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே அலறியிருப்பார்கள். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உயிர் போகிற வலியில் தவழ்ந்து போய், இரண்டு செருப்பையும் கழற்றிச் சாணக்குழிக்குள் வீசி, அவை அமிழ்கிற வரை பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து என்ன ஆச்சு என்று பதறியபோது, கண்ணெதிரே நின்றது சீமாட்டி. வாயில் வந்துவிட்டது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்கிற ஜாதி.

ஒரு பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர் நினைத்தார். மாடு போய் மறுப்பா சொல்லப்போகிறது?

வீட்டுக்கு வந்த சில நாளில், முட்டியை மடக்கப் பழக்குகிற பிசியோ வரத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே உயிரை எடுக்கிற பெண். அவர் அவளுக்கு மடக்கம்மா என்று பேர் வைத்திருந்தார். ஒரு துண்டைக் கணுக்காலில் சுற்றி எப்படி இழுத்து மடக்குவது என்று அவள் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தாள். பிறகு தையலைத் தடவிப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாடு பக்கவாட்டுலதானே உதைக்கும்? இது நேரா கல்லுல மோதின மாதிரில்ல இருக்கு."

தேள் கொட்டிய திருடன் போல அவர் விழித்தார். "உதைச்ச வேகத்துல போயி தொட்டியில விழுந்துட்டேன்மா" என்றார்.

"பாத்தீங்களா, எவ்வளவு வேகம் இருந்தா இப்படித் தூக்கிப் போட்டிருக்கும்" என்றாள் மனைவி. துண்டை இழுத்துக்கொண்டே, ஏதோ சந்தைச் சமாச்சாரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அதான் நான் இப்பல்லாம் சீமாட்டிக்குப் பின்னங்காலு ரெண்டையும் கட்டிட்டுத்தான் கறக்கிறேன்."

அவருக்கு வலி மறந்துபோனது. "என்னது?"

"கயிறு போட்டுக் கட்டிடுறேன். பயமா இருக்குல்ல."

அந்த மாட்டின் காலில் பிறந்ததிலிருந்து கயிறு பட்டதில்லை. கட்டுக்குப் பழகாத மாட்டைக் கட்டினால் மிரளும், மிரண்டால் சாதுவும் சாதுவாக இருக்காது. இது அவருக்குத் தெரியாததா? இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். மடக்கம்மா அந்த நேரம் பார்த்து முட்டியை ஒரு அழுத்து அழுத்தினாள். வந்தது அலறல்தான்.

அவள் போனபின் சொல்லியிருக்கலாம். மனைவி கஞ்சி கொண்டுவந்தபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆணியில் தொங்கும் பூட்ஸ் ஞாபகம் வந்தது. "கட்டாம கறயேன், அது ஒண்ணும் செய்யாது" என்று மட்டும் ஒருநாள் இழுத்தார். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீங்க சொல்றீங்களா?" என்று அவள் அதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோழைக்கு நாளை என்பது பெரிய வசதி.

அந்த நாளையும் வந்தது. காலையில் கட்டிலில் படுத்தபடியே அவர் சத்தத்தைக் கேட்டார். முதலில் பால் பாத்திரம் உருண்டது. பிறகு கனமான எதுவோ தரையில் மோதியது. பிறகு மனைவியின் குரல். அவள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை. அன்று கூப்பிட்டாள்.

எழப் பார்த்தார். கால் எழவில்லை. பிடித்து நடக்கிற நடைச்சட்டம் சுவரோரம் எட்டாத தூரத்தில் நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். சீமாட்டி காலில் கயிற்றோடு பக்கவாட்டில் விழுந்து உதறிக்கொண்டிருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை மணிக்கட்டுக்கு மேலே, கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் ஓடிவந்து அவளைத் தூக்கினாள்.

மதியம் மாவுக்கட்டோடு திரும்பி வந்தாள். நேராக வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நல்ல கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க முன்னாடியே அடிபட்டுச் சொன்னதால தப்பிச்சேன். காலைக் கட்டியிருந்ததால கையோட போச்சு. இல்லேன்னா உதை நெஞ்சுல விழுந்திருக்கும்."

அறைந்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. நன்றி சொல்கிறாள். அவரால் கை உடைந்தவள், அவருக்கே நன்றி சொல்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி மாட்டின் மேல், பாவம் அவர் மேல், அடி மட்டும் இவளுக்கு.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவளுடைய அண்ணன், சின்ன லாரி ஓட்டுகிறவர், லாரியோடு வந்திருந்தார். உள்ளே வந்து தங்கையின் கையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"ஒரே மாடு ரெண்டு பேரையும் படுக்க வெச்சிடுச்சு. இனி இது வீட்டுக்கு ஆகாது மாப்ள. கசாப்புக்காரன்கிட்ட பேசிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போ அண்ணா" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

லாரியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது அவர், கட்டிலோரம் கொண்டுவந்து வைத்திருந்த நடைச்சட்டத்தைப் பிடித்தார். அதுவரை கழிப்பறையைத் தாண்டிப் போனதில்லை. மடங்காத காலை இழுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். மனைவி பின்னாலேயே, "விழுந்துடப் போறீங்க" என்று பதறிக்கொண்டு வந்தாள். கொட்டகையில் மச்சான் சீமாட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னங்கால்களில் கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது.

"மச்சான், விடுங்க அதை. அது என்னை உதைக்கல."

"என்ன மாப்ள சொல்றீங்க?"

"நான்தான் வழுக்கி விழுந்தேன். செருப்பு வழுக்கிடுச்சு."



"எந்தச் செருப்பு?" என்று மனைவி கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ குப்பையில போட்டது. சாணக்குழிக்குள்ள கெடக்கு."

அவள் சாணக்குழியைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய பூட்ஸைப் பார்த்தாள். தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். கடைசியில் மாட்டைப் பார்த்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"காலைக் கட்டும்போதெல்லாம் அது திரும்பி என் மூஞ்சியையே பாக்கும்" என்றாள். "நான் அதை அதட்டினேன். பெரிய குச்சியால ஒரு நாள் அடிச்சேன்."



"அண்ணா" என்று கூப்பிட்டாள். "மாட்டைக் கட்டிட்டு, இந்த மனுஷனை லாரியில ஏத்து."

மச்சானுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு, லாரியின் கதவைச் சாத்தப் போவது போல நழுவிவிட்டார்.

சாயங்காலம் கறவை நேரம் வந்தது. மற்ற இரண்டு மாட்டையும் பக்கத்து வீட்டுக்காரி கறந்து கொடுத்துவிட்டு, சீமாட்டி பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று போய்விட்டாள். மடி கனத்து, சீமாட்டி கால் மாற்றி மாற்றி நின்றது. மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டாள். பூட்ஸைத் தட்டிச் சிலந்தியை விரட்டி, அவருடைய நல்ல காலில் ஒன்றை மாட்டிவிட்டாள்.

"உக்காருங்க. கயிறு கிடையாது. நீங்கதான் கறக்கணும்."

உட்கார்ந்தார். மடங்காத முட்டி நீட்டிக்கொண்டு போய், மாட்டின் வயிற்றுக்கடியில் சரியாகப் பின்னங்காலுக்கு முன்னால் நின்றது. உள்ளே கம்பி போட்ட முட்டி. ஒரு உதை போதும். கையை மடியில் வைத்தார்.

சீமாட்டி காலைத் தூக்கியது.

அவரால் முட்டியை இழுத்துக்கொள்ள முடியவில்லை. மனைவியும் நகரவில்லை, தடுக்கவும் இல்லை. தூக்கிய கால் கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு, அவர் பாதத்தை விட்டு விலகி, பூப்போலத் தரையில் இறங்கியது.

அவர் விக்கி அழுதுகொண்டே காம்பை நீவினார். எவ்வளவு நீவியும் நாலு சொட்டுக்கு மேல் வரவில்லை. மடி நிறையப் பாலை வைத்துக்கொண்டு, சீமாட்டி அதைக் காம்புக்கு இறக்காமல் மேலேயே அடக்கிக்கொண்டது. உதைக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"விடமாட்டேங்குதே" என்றார்.

"விடுவா" என்றாள் மனைவி, மாட்டின் காலில் இருந்த காயத்துக்கு ஒற்றைக் கையால் எண்ணெய் தடவிக்கொண்டே. "அவளுக்குக் கொஞ்ச நாளாகும். எனக்கும்தான்."