மூன்றாம் ஓலைக்கு முன்

என் பெயர் பெனடிக்ட். வயது இருபத்தைந்து. இப்போது திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில் ஒரு பட்டறையில் இருக்கிறேன். போர்வெல் ரிக் வண்டியில் ஹெல்பர். நான்கு வருடமாக சத்தீஸ்கர் பக்கம்தான் வேலை. கம்ப்ரசர் பழுதாகி வண்டி ஊர் திரும்பியிருக்கிறது. சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். வந்து மூன்று நாளாகியும் போகவில்லை. கையெல்லாம் கிரீஸ், அதனால் வாயால் சொல்லித்தான் இந்த மெயிலை டைப் செய்கிறேன்.

உங்கள் கோயிலில் என் தங்கை அக்சிலியாவுக்கும் ரயில்வே கேன்டீனில் வேலை செய்யும் ஆண்ட்ரூசுக்கும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்திருக்கிறீர்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தெரிந்து எந்தத் தடையும் இல்லை. நானாக ஒன்றை உண்டாக்கினேன்.

சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் அம்மா எனக்கு போன் செய்தது. "ஆண்ட்ரூஸ் நம்ம வீட்டோடயே இருந்துக்கறேன்னுட்டாருப்பா. உன் கட்டிலை அவங்களுக்குப் போட்டுடலாம். நீ எப்பவோ வர்றவன்தானே" என்றது. அம்மா சாதாரணமாகத்தான் சொன்னது. நான் வண்டி கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா போனில் நான் வைத்துக் கொடுத்த ஈமெயில்தான் என் போனிலும் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். அதில் உங்கள் கோயில் முகவரியைப் போட்டு, ஆண்ட்ரூஸ் கரூரில் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஊர், தெரு எல்லாம் சொன்னேன். நான் கரூரில் இறங்கியதுகூட இல்லை.

பாதியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. கருப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை என்று மூச்சு விட்டேன். பிறகு அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அணைந்தால் அழிந்தது என்றே நினைத்தேன். ஆனால் நான் பேசப் பேச மெயில் அதை வரிவரியாக டிராஃப்டில் சேமித்து வைத்திருக்கிறது.

ஒன்பதாம் நாள், ஞானஸ்நான சர்டிபிகேட்டை உங்களுக்கு அனுப்ப அக்சிலியா அம்மா போனில் அந்த ஈமெயிலைத் திறந்து, நான் பாதியில் விட்டதைப் படித்திருக்கிறாள். உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கரூர்ல யாருண்ணா அது?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவருகிட்டயே கேட்டுட்டேன். 'உங்கண்ணன் சொன்னா இருக்கும்னு நீ நம்பறியா'ன்னாரு. நீ பொய் சொல்ல மாட்டியே."

கட்டிலுக்காகச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? "கேள்விப்பட்டேன். எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோ" என்றேன். முதல் பொய்யை யாருக்கும் அனுப்பவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதை அவள் காதிலேயே சொன்னேன்.

"சரி, சனிக்கிழமை போய் ஓலையை நிறுத்தச் சொல்லிடறேன்" என்று வைத்தாள். அதிலிருந்து நான் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை.

எங்கள் டிரைவர் நாச்சிமுத்து அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "கட்டலுக்காடா இத்தன கூத்து? இப்பவே பஸ் ஏறு சாமி. நேர்ல போயிச் சொல்லு" என்றார்.

"எப்படீங்கண்ணா அவ மூஞ்சியப் பாக்கறது?"

"அந்தப் பையன் மூஞ்சிய அவ எப்படிப் பாக்கறாளாமா? அத ரோசன பண்ணுனியா நீயி?"

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சேலம் பஸ் இரண்டு புறப்பட்டுப் போயின. கண்டக்டர் "ஏறுங்க தம்பி" என்றார். ஏறவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. இந்த முறை அனுப்பிவிட்டுத்தான் போனைக் கீழே வைப்பேன். கோயில் அலுவலகத்தில் இதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். நாளை அக்சிலியா வருவாள். அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் இதை முழுதாகப் படிக்கக் கொடுங்கள். நின்றுகொண்டேதான் படிப்பாள். தயவுசெய்து ஒரு நாற்காலி போடுங்கள்.